நான் எழுதிக் கொடுத்த வயது

பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்திக்கு இருபத்தொரு வயது என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். கீழே பாடசாலை முத்திரையையும் குத்தினேன். அந்தக் கடதாசியை வைத்து அவளை ஓர் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். என்னை யாரும் மிரட்டவில்லை. காசு வாங்கிக்கொண்டும் நான் அதைச் செய்யவில்லை. தெரியாமல் நடந்தது என்று சொல்லவும் வழியில்லை. அவளுடைய சரியான வயதை என் கையால் பதிந்து வைத்திருந்தவனே நான்தான்.

எனக்குச் சொந்த ஊர் முள்ளியவளை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு, வவுனியா நகரத்திலிருந்து ஆறேழு மைல் உள்ளே இருந்த ஒரு குடியேற்றத்துப் பாடசாலைக்கு அதிபராகப் போனேன். அங்கே இருந்தவர்களில் அநேகர் மலையகத்திலிருந்து கலவரங்களுக்குப் பயந்து இறங்கி வந்து, காடு வெட்டித் தோட்டம் செய்தவர்கள். நான் போனபோது கட்டடத்தில் அரைச்சுவரும் கூரையின் பாதியும்தான் மிச்சம் இருந்தன. அலுமாரிக்குள் இருந்த சேர்வு இடாப்பைக் கறையான் தின்றிருந்தது. பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த நாள் எல்லாம் இருந்த புத்தகம் அது. புதிய இடாப்பு ஒன்றைத் திறந்து, தாய்தகப்பன் சொல்வதைக் கேட்டு எழுதும்படி மேலிடத்திலிருந்து சொன்னார்கள். பலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. ஓடிய ஓட்டத்தில் எங்கெங்கோ தொலைந்துபோனவை அவை. அதனால் அந்த ஊரில் ஒரு பிள்ளை எப்போது பிறந்தது என்பதற்கு நான் எழுதிய இடாப்பே சாட்சியானது. அரசாங்கக் கச்சேரியில் பிறப்புப் பத்திரத்துக்குப் பதிலாக உத்தேச வயதுப் பத்திரம் எடுப்பதானாலும், அடையாள அட்டை எடுப்பதானாலும் என்னுடைய கடிதத்தைத்தான் கேட்டார்கள்.

பொய் எழுதுவதை நான் நல்ல காரியமாகத்தான் தொடங்கினேன். பதினாறு, பதினேழு வயதுப் பொடியன்களிடம் அடையாள அட்டை இருக்காது. சோதனைச்சாவடியில் அவர்களை இறக்கி வைத்துவிடுவார்கள். சிலர் திரும்பி வர நாளாகும். பதினாறுக்குக் கீழே என்றால் அட்டை கேட்கமாட்டார்கள். ஒரு தாய் வந்து அழுதாள். அவளுடைய மகனுக்குப் பதினான்கு என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு இன்னொருவனுக்கும் எழுதினேன். சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் என் சைக்கிளைக் கண்டால் கூப்பிடுவார்.

"சேர், எனக்கும் ஒரு பத்து வருசம் குறைச்சு விடுங்கோவன். இன்னொரு கலியாணம் கட்டிப் பாப்பம்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி குரல் கொடுப்பார். "கட்டட்டும் சேர். எழுதிக் குடுங்கோ. சமையலுக்கு எனக்கும் ஒரு ஆள் வேணும்."

கடையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஊருக்கு உதவுகிற மனிதன் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பிள்ளையின் வயது என் பேனாவில் இருக்கிறது என்ற எண்ணம் அப்படித்தான் எனக்குள் வந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒரு நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இரண்டு பெண்கள் என் அறைக்கு வந்தார்கள். ஒருத்தி அந்தப் பிள்ளையின் தாய். புருசன் காட்டுக்கு விறகுக்குப் போய் மிதிவெடியில் ஒரு காலை இழந்து வீட்டோடு இருந்தான். மற்றவளை ஊரில் 'ஏஜென்சி அக்கா' என்பார்கள். தானும் சில வருடம் வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்து, இப்போது மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தவள். மரியாதையான பேச்சு. குடையை மடித்துக் கதவோரம் சாத்திவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"சார், நீங்க மனசு வச்சாத்தான் ஆகும்" என்றாள் தாய். "ரெண்டும் பொட்டப்புள்ளைங்க. மூத்தவளாவது போனா ஒரு கூரையப் போட்டுக்கலாம்."

"பிள்ளை ஒன்பதாம் வகுப்பெல்லோ படிக்குது" என்றேன்.

"வயசு எண்டது கடதாசியிலதானே சேர்" என்றாள் ஏஜென்சி அக்கா. "பிள்ளை நல்ல உயரம். சாறி கட்டினா இருபத்தொண்டு எண்டுதான் ஆரும் சொல்லுவினம். பொடியன்களுக்கு எழுதிக் குடுக்கிறீங்கள்தானே. பொம்பிளைப்பிள்ளையளுக்கு ஒரு நன்மையும் செய்யக்கூடாதோ?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் தேடவில்லை. அந்தப் பிள்ளை அரைச்சுவருக்கு வெளியே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாம் வகுப்பு ரீச்சர் வராத நாட்களில் அந்த வகுப்பை அவளிடம்தான் விடுவேன். குஞ்சுகளை வட்டமாக இருத்தி, ஈர்க்கில் துண்டுகளால் கூட்டல் சொல்லிக் கொடுப்பாள். அவள் படித்து வரக்கூடியவள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் மனம் சொன்னது வேறு: இந்தச் சனத்தின் பிள்ளைகள் எவ்வளவு படித்தாலும் எங்கே போகப்போகிறார்கள், போகிற வழியைத் தடுப்பானேன். அதே வயதில் எனக்கும் ஒரு மகள் இருந்தாள். நகரத்துப் பாடசாலையில் படித்தாள். அவளுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுவேனா என்று அன்று என்னை நான் கேட்கவில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

வெளியே நின்ற பிள்ளையையும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு இருபத்தொரு வயது என்று எழுத முடியாது. ஆகவே இடாப்பில் பழைய மாணவர்களின் பக்கத்தில் கடைசி வரியில் அவள் பெயரைச் சேர்த்து, படிப்பை விட்டுப் பல வருடம் என்று காட்டினேன். ஒரு பிறந்த திகதி தேவைப்பட்டது. கலண்டரைப் பார்த்து, பங்குனி பன்னிரண்டு என்று போட்டேன். உண்மையில் அவள் பிறந்தது ஆடி ஒன்பது. அவர்களுடைய வளவில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட நாள் அது என்று தாய் முன்பு எனக்குச் சொல்லி, நான் எழுதியது.

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டு வாங்கில் இருத்தினேன். பாஸ்போட் எடுக்கிற கந்தோரில் கேட்டால் தடுமாறக்கூடாது.

"பிறந்த திகதி?"

"ஆடி ஒன்பது, சேர்."

"இல்லை. பங்குனி பன்னிரண்டு. வருசத்தோட சொல்லு."

சொன்னாள். பத்துத் தரம் சொல்ல வைத்தேன். இடையில் வேறு கேள்வி கேட்டு, திடீரென்று திகதியைக் கேட்டேன். அப்போதும் சரியாகச் சொன்னாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப முதலாம் வகுப்பு ரீச்சருக்கும் எனக்கும் ரெண்டு வயசுதான் சேர் வித்தியாசம். இனி அவாவை அக்கா எண்டு கூப்பிடலாம்."

நானும் சிரித்தேன். நான் அவளுக்குக் கடைசியாகச் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான்.

அவள் போய் ஒரு மாதத்தில் ஏஜென்சி அக்கா பாடசாலைக்கு ஒரு சுவர் மணிக்கூடு கொண்டுவந்து தந்தாள். அதை என் அறையில் மாட்டினேன்.

கடிதங்கள் பாடசாலை விலாசத்துக்குத்தான் வரும். முதலில் இரண்டு வந்தன. தாய்க்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தாய் வந்து அரைச்சுவருக்கு அப்பால் நிற்பாள். உள்ளே வரமாட்டாள். நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவாள். சில மாதத்தில் ஏஜென்சி அக்காவின் வீடும் பூட்டிக் கிடந்தது. கொழும்புப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழிந்து, அதே நாட்டிலிருந்து திரும்பிய பெண்ணொருத்தி பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தாயும் நானும் போனோம். அவள் எங்களைக் கதிரையில் இருத்திவிட்டுச் சொன்னாள். பிள்ளையைச் சொன்ன வீட்டில் விடவில்லை. வேறொரு வீட்டில் விட்டார்கள். பிறகு அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றினார்கள். பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சம்பளம் இல்லை. வெளியே விடுவதில்லை. அடித்ததில் ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. ஒரு முறை சுவர் ஏறிக் குதித்து ஓடி, முறைப்பாடு எழுதுகிற இடமொன்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அங்கேதான் இந்தப் பெண் அவளைச் சந்தித்தாள்.

"பாத்தாலே சின்னப்பிள்ளை எண்டு தெரியுது சேர். மேசையில இருந்தவருக்கும் சந்தேகம் வந்திட்டுது. உண்மையான வயசைச் சொல்லு, சின்னப்பிள்ளை எண்டா உடன அனுப்பலாம் எண்டு மூண்டு தரம் கேட்டவர். பங்குனி பன்னிரண்டு எண்டு வருசத்தோட கடகடவெண்டு சொன்னாள். பிசகவே இல்லை. அப்ப நீ பெரிய ஆள், ஒப்பந்தம் முடியட்டும் எண்டு அந்த வீட்டுக்காரனையே கூப்பிட்டு அனுப்பிப்போட்டினம்."

திரும்பும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நானும் தாயோடு நடந்தேன். வெகுதூரம் வந்த பிறகு அவள் கேட்டாள். "ஏன் சார், அவ நெசமான தேதிய மறந்திருப்பாளா?"

மறக்கவில்லை, வாத்தியார் சொன்னதைக் கேட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல அன்று எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த வாரம் சுவரிலிருந்து மணிக்கூட்டைக் கழற்றினேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துக்கு ஒன்றாக இருத்தினேன். இதற்குப் பாடத்திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஆட்கடத்தல் என்றால் என்ன என்று கேட்டேன்.

"வாகனத்தில வந்து பிடிச்சுக்கொண்டு போறது, சேர்" என்றான் ஒருவன். அந்தக் காலத்தில் அந்த ஊரில் வேறு பதில் வராது.

"இன்னொரு விதமும் இருக்கு. அதில அவை நடந்து வருவினம். படலையில நிண்டு கூப்பிடுவினம். நீங்கள் கதிரை போட்டு இருத்துவியள், தேத்தண்ணி குடுப்பியள். போகேக்க உங்கட பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவினம். நீங்கள் சந்திவரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வருவியள்."

பிள்ளைகள் சிரிக்கவில்லை. மணிக்கூட்டை மேசையில் வைத்து, இப்படியும் ஏதாவது கொண்டுவருவார்கள் என்றேன். பாஸ்போட் யாருடைய கையில் இருக்கும், எந்த விலாசத்துக்குக் கடிதம் போடலாம், வேலை பிடிக்காவிட்டால் திரும்புவது எப்படி என்று வருகிறவர்களிடம் கேட்கப் பழக்கினேன். அதுவரை நன்றாகத்தான் போனது. பிறகு, ஒரு பிள்ளையின் வயதைக் கூட்டி எழுதிய ஓர் அதிபரைப் பற்றிச் சொன்னேன். எங்கோ ஓரூரில் நடந்ததுபோலச் சொன்னேன்.

அந்தப் பிள்ளையின் தங்கச்சி எட்டாம் வகுப்பில் இருந்தாள். எழுந்து நின்றாள்.

"அந்த அதிபர் ஆர் சேர்?"

"இரு. பாடத்தைக் கவனி" என்றேன்.

இருந்தாள். மணி அடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையோடு ஒரு கிழமை என்னால் இருக்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பெற்றோரையும் வரச் சொல்லி, பிள்ளைகளுக்கு முன்னால் இடாப்பைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். "இதை எழுதினது நான். அந்தத் திகதியைப் பாடமாக்க வைச்சதும் நான்" என்றேன்.

தாய் எழுந்தாள்.

"நான் கேட்டுத்தானே சார் எழுதுனீங்க" என்றாள். "ரெண்டு வருசமா நாந்தான் அவளக் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன். நீங்களும் அதே நெனப்புலதான் இருந்திருக்கீங்க. ஒரு வார்த்த சொல்லலியே."

சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சிவப்பு மையால் அந்த வரியை வெட்டி, காரணம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் சத்தியக் கடதாசி முடித்து, பிள்ளையின் சரியான வயதைச் சொல்லி எனக்குத் தெரிந்த எல்லா இடத்துக்கும் அனுப்பினேன். இராணுவத்திடம் பாஸ் எடுத்து ரயிலில் கொழும்புக்கும் இரண்டு முறை போனேன். ஒரு கந்தோரில் இருந்தவர் கடதாசியை வாசித்துவிட்டு, "ஐயா, இது உங்களுக்கு எதிராக நீங்களே குடுக்கிற வாக்குமூலம், விளங்குதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். விசாரணை நடந்தது. சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அந்தப் பாடசாலைக்கு வர வேறு ஆள் இல்லாததால் அதிபராக அங்கேயே விட்டார்கள்.

ஒரு விசயம் நான் எதிர்பாராதது. பெற்றோர் கூட்டம் முடிந்து பத்து நாளுக்குள், ஒருவரை ஒருவர் அறியாமல் இரண்டு வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார்கள். இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான். அவர்களுடைய மகளுக்கும் வயதைக் கூட்டி ஒரு கடிதம்.

"அவுங்களுக்கு எழுதிக் குடுத்தீங்கன்னு நீங்களே சொன்னீங்களே சார்" என்றார் ஒரு தகப்பன். "எங்களுக்கு மட்டும் ஏன் இல்லங்கிறீங்க?"

அவரை இருத்தி வைத்து வெகுநேரம் பேசினேன். எழுந்து போகும்போது, "உங்க புள்ள டவுன்ல படிக்குது. நீங்க என்னா வேணும்னாலும் சொல்லலாம்" என்றார். அவர் சொன்னது சரி.

அதன் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் தேவாரம் முடிந்ததும், முதலாம் வகுப்பிலிருந்து தொடங்கிப் பிள்ளைகள் தங்கள் பெயரையும் தாய்தகப்பன் பெயரையும் ஊரையும் பிறந்த திகதியையும் வருடத்தோடு சொல்ல வேண்டும் என்று வைத்தேன். யார் கேட்டாலும், எந்தக் கடதாசியில் எப்படி எழுதியிருந்தாலும், இதைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். வாத்தியார் மாற்றிச் சொல்லச் சொன்னாலும் சொல்லக்கூடாது என்றேன். தங்கச்சி தன் முறை வரும்போது என்னைப் பார்க்காமல் சொல்வாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு மூத்தவள் திரும்பி வந்தாள். என் கடிதங்களில் ஒன்று வேலை செய்ததோ, வீட்டுக்காரர் களைத்துப்போய் அனுப்பினார்களோ, எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பத்தொன்பது வயது. மெலிந்திருந்தாள். பேசுகிறவர் பக்கம் வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். பழைய கூரை அப்படியே இருந்தது.

ஆடி ஒன்பது என்று எழுதிய புதிய பாடசாலை விடுகைப் பத்திரத்தைக் கொடுத்து, "என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்க வரேல்லை. நான் செய்தது பிழை எண்டு உனக்கு நேர சொல்ல வந்தனான்" என்றேன்.

பத்திரத்தை வாசித்தாள். திருப்பி என் கையில் தந்தாள்.

"வேண்டாம் சேர். வைச்சிருங்கோ."

"பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு இதைப் பற்றிச் சொல்லிக் குடுக்கிறன். நீயும் ஒருநாள் வந்து கதைச்சியெண்டால் நல்லாக் கேப்பினம்."

"நீங்க சொல்லுங்கோ சேர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்கதானே செய்தது."

அடுத்த வருடம் அவள் மறுபடியும் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். பழைய பாஸ்போட்டில் இன்னும் தவணை இருந்தது. அதில் பங்குனி பன்னிரண்டு அப்படியே இருந்தது. நான் கொழும்பில் ஒரு மேசையில் கொடுத்த சத்தியக் கடதாசி மற்ற மேசைக்குப் போய்ச் சேரவில்லை. இருபத்தொன்று நிரம்பாததால், சரியான வயதைக் காட்டினால் அவளை விடமாட்டார்கள்.

"பாஸ்போட் கந்தோருக்கு நான் ஒரு கடிதம் போட்டா இதை நிப்பாட்டலாம்" என்றேன்.

உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"இந்த முறையும் என்னைக் கேக்காமலா சேர் எழுதப்போறீங்க?"

அப்போதுதான் கேட்டேன். "சரி, கேக்கிறன். எழுதட்டோ?"

"வேண்டாம். இந்த முறை எனக்கு ஏஜென்சியும் தெரியும், வீடும் தெரியும். என்னோட நிண்ட அக்கா ஒருத்தி வேலை செய்யிற வீட்டுக்குப் பக்கத்து வீடு. பாஸ்போட்டை விடமாட்டன்." ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். "தங்கச்சிக்கு மட்டும் சரியா எழுதுங்கோ. அவ சோதனை எழுதட்டும்."

நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இந்த முறை கடிதங்களும் காசும் ஒழுங்காக வந்தன. தாய் உள்ளே வந்து, நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, கடிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்து போவாள். அந்த வருடம் தங்கச்சி பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் அந்த வகுப்புவரை வந்ததில்லை. விண்ணப்பத்தை நிரப்பும்போது பிறந்த திகதியை அவளே எழுதினாள். நான் கையெழுத்து மட்டும் வைத்தேன். முன்பு அக்காவை இருத்திய அந்த வாங்கில் இருந்து அவள் எழுதியது என் வெள்ளிக்கிழமைப் பாடத்தால் அல்ல. அவளுடைய அக்கா இன்னொரு வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்ததால்.